நிழற்படமும் கத்தரிக்கோலும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் பழமொழி. நிழற்படம் என்ற ஒன்று வந்த பிறகு இந்தப் பழமொழியை நாம் பாதி மறந்துவிட்டோம் எனலாம். ஒருவர் எழுதினால் ஐயுறுகிறோம். ஓவியர் தீட்டினால் கற்பனை என்கிறோம். காமிரா எடுத்தது என்றால் மட்டும் உடனே தலையசைத்து விடுகிறோம். ஆய்வுக்கூடத்தில் பழகும் அறிவியல் மாணவர்களாகிய நம்மிடம் இந்தப் பழக்கம் இன்னும் மிகுதி. நுண்ணோக்கியில் தெரிந்ததைப் படமாக்கி ஏட்டில் ஒட்டிவிட்டால் அதற்குமேல் சான்று வேண்டாம் என்று இருந்துவிடுகிறோம்.

இயந்திரம் பொய் சொல்வதில்லை என்பது உண்மையே. ஒளி பட்ட வெள்ளி உப்பு, உருத்துலக்கும் கரைசலில் கறுக்கிறது. ஒளி படாதது கறுப்பதில்லை. அதற்கு விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. ஆயின் அந்தத் தகட்டின் முன்னே யாரை நிறுத்துவது? எந்த நொடியில் ஒளியை உள்ளே விடுவது? எடுத்த நூறு படங்களில் எதை அச்சிடுவது? அதன் பக்கத்தில் எதை வைப்பது? அடியில் என்ன எழுதுவது? இவை எல்லாம் மனிதர் செய்பவை. பொய் புகுவது இந்த வழியில்தான். மெய் புகுவதும் இதே வழியில்தான்.

இதைத் தம் வாழ்நாள் உழைப்பால் நமக்குக் காட்டிச் சென்றவர்கள் ஜெர்மன் கலைஞர் மூவர். ஆகஸ்ட் ஸாண்டர் நிழற்படம் எடுத்தார். ஹன்னா ஹோஹ் என்னும் ஓவியப் பெண்மணி பிறர் எடுத்த படங்களை வெட்டினார். ஜான் ஹார்ட்ஃபீல்ட் என்னும் அச்சுக்கலை வடிவமைப்பாளர், வெட்டியதை ஒட்டி லட்சக்கணக்கான பிரதிகளாக அச்சேற்றினார். இவர்களைப் பற்றி நம் மன்றத்து நண்பர்கள் அறிந்துகொள்வது நலம் என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

படங்களின் வெள்ளம்

முன்பெல்லாம் செய்தித்தாளில் படம் போட வேண்டுமானால், ஓர் ஆள் மரக்கட்டையில் அதைச் செதுக்கித் தரவேண்டும். 1882இல் மியூனிக் நகரத்து கெயார்க் மைசன்பாஹ், நிழற்படத்தைச் சிறு சிறு புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் ஹாப்டோன் பிளாக் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பெரிய புள்ளி கருமையாகவும் சிறிய புள்ளி வெளிறியும் கண்ணுக்குத் தோன்றும். அவ்வளவுதான் அதன் சூத்திரம். அதன் விளைவோ மிகப் பெரிது. பெர்லினில் பட வார இதழ்கள் பெருகின. அவற்றுள் முதன்மையான ஒன்று 1920களின் இறுதியில் வாரந்தோறும் ஏறத்தாழ இருபது லட்சம் பிரதிகள் விற்றது. 1925இல் கையடக்கமான லெய்க்கா காமிரா சந்தைக்கு வந்தது. படிக்கத் தெரியாதவரையும் படம் எட்டியது.

அந்த நாட்டின் நிலையையும் சிறிது நினைவில் கொள்ளவேண்டும். 1914 முதல் 1918 வரை நடந்த போரில் ஜெர்மனி தோற்றது. அரசர் ஓடினார், குடியரசு பிறந்தது. 1923இல் பணம் மதிப்பிழந்து காகிதமாயிற்று. 1929க்குப் பின் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மூவரும் தம் சிறந்த பணிகளைச் செய்தது இந்தக் குறுகிய இடைவெளியில்தான்.

எடுத்தவர்

ஸாண்டர் 1876இல் ஹெர்டார்ஃப் என்னும் சுரங்க ஊரில், தச்சர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். சிறுவயதில் சுரங்கத்தில் வேலை செய்தவர், அங்கே படமெடுக்க வந்த ஒருவருக்கு உதவப் போய் அந்தக் கலையில் மனத்தைப் பறிகொடுத்தார். பின்னர் கொலோன் நகரில் படநிலையம் வைத்து நடத்தினார். இருபதாம் நூற்றாண்டு மனிதர் அனைவரையும் தொழில்வாரியாகவும் வாழ்நிலைவாரியாகவும் வகைப்படுத்திப் படமாக்குவது என்று ஒரு பெருந்திட்டம் வகுத்தார். செடிகொடிகளை இனம் பிரித்துத் தொகுக்கும் தாவரவியலாரின் வேலையைப் போன்றது அது. உழவர், கைத்தொழிலாளர், பெண்கள், பல்வேறு தொழிலினர், கலைஞர், நகர மக்கள், கடைநிலை மக்கள் என ஏழு பிரிவுகள்.

அவர் முறை எளியது. கண்ணாடித் தகடு, இயற்கை ஒளி, காமிராவை நேரே நோக்கும் மனிதர். அழகூட்டும் திருத்தம் எதுவும் இல்லை. நுண்ணிய விவரமும் மறையாதபடி வழவழப்பான தாளில் அச்சிட்டார். அடியில் பெரும்பாலும் பெயர் இல்லை, தொழில் மட்டுமே. தோளில் செங்கல் அடுக்கிய பலகையைச் சுமந்து நிற்கும் சித்தாள் ஒருவர் நம்மை நிமிர்ந்து பார்க்கிறார். வெள்ளை அங்கி அணிந்த இனிப்புப் பண்டச் சமையற்காரர் ஒருவர் பாத்திரமும் கையுமாக நிற்கிறார். பணக்காரருக்குத் தந்த அதே ஒளியையும் அதே மதிப்பையும் சித்தாளுக்கும் தந்திருக்கிறார் என்பது பார்த்தவுடன் விளங்கும்.

1929இல் இவற்றுள் 60 படங்கள் ‘காலத்தின் முகம்’ என்று பொருள்படும் தலைப்பில் நூலாயின. நாவலாசிரியர் ஆல்ஃபிரட் டோப்ளின் முன்னுரை எழுதினார். 1936இல் நாஜி அரசு அந்நூலின் அச்சுத் தகடுகளைப் பறித்து அழித்தது. எவரையும் திட்டாத, ஒரு கட்சியின் கொடியும் பிடிக்காத நூல் அது. ஜெர்மானியர் முகம் என்றால் ஒரே வார்ப்பில்தான் இருக்கவேண்டும் என்று பறைசாற்றிய ஆட்சிக்கு, அறுபது பேர் அறுபது விதமாக இருந்ததே குற்றமாகப் பட்டது போலும்.

வெட்டியவர்

ஹன்னா ஹோஹ் 1889இல் கோத்தா நகரில் பிறந்தவர். 1916 முதல் பத்தாண்டுகள் பெர்லினில் ஒரு பெரிய பதிப்பகத்தில், பெண்கள் இதழ்களுக்குப் பூவேலை, பின்னல் வேலை மாதிரிகள் வரைந்து கொடுத்தார். வேலை முடிந்தபின் அதே இதழ்களைக் கத்தரித்து வேறொன்று படைத்தார்.

அவருக்கு இந்த எண்ணம் பிறந்த விதத்தை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1918இல் பால்டிக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் தங்கியிருந்தபோது, வீடுகளில் மாட்டியிருந்த படைவீரர் நினைவுப் படங்களை அவரும் அவர் நண்பர் ராவுல் ஹவுஸ்மனும் கண்டனர். உடுப்பு, துப்பாக்கி, கம்பீரம் எல்லாம் முன்பே அச்சானவை. முகம் மட்டும் அந்தந்த வீட்டுப் பையனின் நிழற்படத்திலிருந்து வெட்டி ஒட்டப்பட்டது. ஓர் உடலுக்கு எந்தத் தலையையும் பொருத்தலாம் என்பதைப் போர் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

1919, 1920 ஆண்டுகளில் ஹோஹ் ஒட்டிச் செய்த பெரும்படத்தின் நீண்ட தலைப்பில் சமையலறைக் கத்தி இடம்பெறுகிறது. ஆண்கள் கூடிப் பேசும் அரசியலைப் பெண்ணின் கத்தி அறுக்கிறது என்பது குறிப்பு. அதில் முடியிழந்த அரசர் இருக்கிறார், ஐன்ஸ்டைன் இருக்கிறார், பல்சக்கரங்களும் உருளைகளும் இருக்கின்றன. கேட்டே கோல்விட்ஸ் என்ற முதிய ஓவியப் பெண்மணியின் தலை, ஆடும் நங்கை ஒருத்தியின் உடலுக்கு மேலே மிதக்கிறது. வலப்பக்கத்துக் கீழ்மூலையில் ஒரு சிறு ஐரோப்பிய வரைபடம். பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த நாடுகள் அதில் காட்டப்பட்டுள்ளன. அதன் ஓரத்தில் தம் முகத்தையே சிறிதாக ஒட்டிவைத்தார் ஹோஹ். ஜெர்மன் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தது 1919 ஜனவரியில்.

இப்படத்தில் ஒரு துண்டும் பொய்யன்று; ஒவ்வொன்றும் யாரோ எடுத்த உண்மைப் படம். வார இதழில் அடுத்தடுத்த பக்கங்களில் வந்தபோது அவை தொடர்பில்லாத செய்திகள். ஒரே தாளில் சேர்ந்தபோதுதான் அவை ஒரு நாட்டின் வரலாறாயின.

ஒட்டி அச்சேற்றியவர்

ஹெல்முட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் என்பது மூன்றாமவரின் இயற்பெயர். போரின்போது ஜெர்மனியில் ஆங்கிலேயர்மீது மூட்டப்பட்ட வெறுப்பைக் கண்டித்து, 1916இல் ஜான் ஹார்ட்ஃபீல்ட் என ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டார். தம்பி நடத்திய பதிப்பகத்துக்கு நூல் அட்டைகள் அமைத்துப் பெயர் பெற்றார். 1930 முதல், தொழிலாளர் பட இதழ் என்று பொருள்படும், ஏ.ஐ.ஸெட் எனச் சுருக்கமாக வழங்கிய வார இதழில் 200க்கும் மேற்பட்ட ஒட்டுப்படங்களை வெளியிட்டார். ஹோஹ் தம் வெட்டுகளை மறைக்கவில்லை. ஹார்ட்ஃபீல்ட் தையல் தெரியாதபடி மறைத்தார். பார்ப்பவர் முதலில் உண்மைப் படம் என்று எண்ணவேண்டும், அடுத்த நொடி திடுக்கிட வேண்டும் என்பது அவர் நோக்கம்.

1932இல் வந்த ஒரு படத்தில் ஹிட்லர் மேடையில் முழங்குகிறார். மார்பு மட்டும் எக்ஸ்ரே படமாக இருக்கிறது. முதுகெலும்பு இருக்கவேண்டிய இடத்தில் தங்க நாணயங்கள் அடுக்கியிருக்கின்றன. அதே ஆண்டு வந்த இன்னொன்றில் ஹிட்லர் தம் வழக்கப்படி கையைப் பின்னோக்கி மடக்கி வணக்கம் ஏற்கிறார். பின்னால் நிற்கும் முகமற்ற பேருருவம் ஒன்று அந்தக் கையில் பணத்தை வைக்கிறது. தம் பின்னால் பல லட்சங்கள் நிற்பதாகச் சொல்கிறது வாசகம். ஆட்களா, பணமா என்பதைப் படம் சொல்லிவிடுகிறது. 1935இல் வந்த மற்றொன்றில் ஒரு குடும்பமே மேசையைச் சுற்றி அமர்ந்து இரும்பைக் கடித்துக்கொண்டிருக்கிறது. குழந்தையின் வாயில் கோடரி. இரும்பு நாட்டை வலிமையாக்கும், வெண்ணெய் ஆளைக் கொழுக்க வைக்கும் என்று அமைச்சர் கோரிங் பேசிய பேச்சுக்கு அது விடை.

வெட்டாத பொய்

இதற்கு மாறான பக்கத்தையும் பார்ப்போம். ஹிட்லரின் சொந்தப் படக்காரர் ஹைன்ரிஹ் ஹோஃப்மன். மேடையில் எப்படிக் கையை வீசுவது, எப்படி முகத்தை வைப்பது என்று ஹிட்லர் 1920களில் ஒத்திகை பார்த்தபோது இவர் படமெடுத்துக் கொடுத்தார். நல்லவை எனத் தோன்றிய அசைவுகள் மேடைக்குப் போயின. ஒத்திகைப் படங்களை வெளியிட ஹிட்லர் விடவில்லை. மக்கள் பார்த்த படங்களில் கத்தரிக்கோல் படவே இல்லை. ஆனால் எது வெளிவரும், எது பெட்டியில் கிடக்கும் என்ற தேர்விலேயே பொய் முடிந்துவிட்டது.

ஹார்ட்ஃபீல்டின் படமோ தலை முதல் கால் வரை செயற்கை. எந்த மனிதருக்கும் முதுகெலும்பு நாணயத்தால் ஆனதில்லை. ஆயினும் கட்சிக்குப் பெரும்பணம் எங்கிருந்து வருகிறது என்ற நியாயமான கேள்வியை அது எழுப்பியது. வெட்டாத படம் மறைத்ததை வெட்டிய படம் காட்டியது.

இதனால் கத்தரிக்கோலே மெய்யின் கருவி என்று முடிவு கட்டிவிடலாகாது. ஹார்ட்ஃபீல்ட் பெரிதும் நம்பிய சோவியத் நாட்டிலேயே, ஆட்சியின் சினத்துக்கு ஆளானவர்கள் பழைய படங்களிலிருந்து ஒருவர்பின் ஒருவராக அழிக்கப்பட்டனர். டிராட்ஸ்கி நின்ற இடம் வெறும் படிக்கட்டாயிற்று. வேறுபாடு ஒன்று உண்டு. ஒட்டுப்படம் செய்தவர் கீழே தம் பெயரை இட்டு, இது என் கருத்து என்று வெளிப்படையாக நின்றார். அழித்தவர்களோ அழித்ததையும் அழித்தார்கள்.

கொடுத்த விலை

1933 ஏப்ரலில் படையினர் வீடு புகுந்தபோது ஹார்ட்ஃபீல்ட் மாடி முகப்பிலிருந்து குதித்துத் தப்பினார். எல்லை கடந்து பிராகு நகரம் சேர்ந்து, அங்கிருந்தும் படங்களை வெளியிட்டார். 1938இல் இங்கிலாந்துக்கு ஓடினார். 1950இல் கிழக்கு ஜெர்மனிக்குத் திரும்பினார். அங்கும் சில ஆண்டுகள் ஐயத்துக்கு ஆளாகி, 1968இல் காலமானார். ஹோஹ் நாட்டைவிட்டுப் போகவில்லை. 1939இல் பெர்லின் ஓரத்தில் சிறு வீடு ஒன்றை வாங்கி, தம்முடைய படங்களோடு தம் தோழர்கள் செய்தவற்றையும் அங்கே ஒளித்துக் காத்தார். அந்த இயக்கத்தின் படைப்புகள் பல நமக்குக் கிடைத்திருப்பது அவர் துணிவால்தான். 1978 வரை வாழ்ந்தார்.

ஸாண்டரின் மூத்த மகன் எரிஹ், ஆட்சியை எதிர்த்த இடதுசாரிக் கட்சியைச் சேர்ந்தவர். 1934இல் கைதாகிப் பத்தாண்டுத் தண்டனை பெற்றார். சிறையில் அவருக்குக் கிடைத்தது படமெடுக்கும் வேலை. சக கைதிகளை எடுத்த படங்களை எப்படியோ வெளியே பெற்றோருக்கு அனுப்பினார். தண்டனை முடியச் சிறிது காலமே இருந்த 1944இல், குடல்வால் நோய்க்கு மருத்துவம் கிடைக்காமல் சிறையிலேயே உயிர் நீத்தார்.

தந்தை என்ன செய்தார் தெரியுமா? தம் பெருந்தொகுப்பில் அரசியல் கைதிகளுக்கு ஓர் இடம் ஒதுக்கி, மகன் எடுத்த படங்களை அதில் சேர்த்தார். 1938 அளவில் அடையாளச் சீட்டுக்காகத் தம் நிலையத்துக்கு வந்த யூதர்களின் படங்களையும் ‘வேட்டையாடப்பட்டோர்’ என்ற பொருளில் பெயரிட்டுச் சேர்த்தார். சீருடையணிந்த நாஜிகளும் அதே தொகுப்பில் இருக்கிறார்கள். ஒரே ஒளி, ஒரே நேர்ப்பார்வை. ஒருவரையும் அவர் திருத்தவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், அவ்வளவே. கடைநிலை மக்கள் என்ற இறுதிப் பிரிவில் மகனின் சாமுகத்தைப் படிவெடுத்த வார்ப்பின் படம் இருக்கிறது. ஸாண்டர் 1964இல் மறைந்தார்.

நமக்கு

இன்று வெட்டவும் ஒட்டவும் கத்தரிக்கோல் வேண்டியதில்லை, கைப்பேசி போதும். நிகழாத ஒன்றைக் கணிப்பொறியே நொடியில் படமாக்கித் தருகிறது. ஆகவே எந்தப் படத்தையும் நம்பாதே என்று சிலர் சொல்லக்கூடும். அது சோம்பேறியின் விடை. ஸாண்டரின் சித்தாளை நம்பாமலிருந்தால் இழப்பு நமக்கே.

நாம் கேட்கவேண்டியவை சில கேள்விகள்தாம். இதை எடுத்தவர் யார்? பெயரிட்டு நிற்கிறாரா? இதனோடு எடுத்த மற்றப் படங்கள் எங்கே? சட்டத்துக்கு வெளியே எது விடப்பட்டது? அடியில் உள்ள வாசகத்தை நீக்கினாலும் படம் அதையே சொல்லுமா? செய்தித்தாளில் வரும் படத்தை மட்டுமன்றி, நம் ஆய்வேட்டில் நாமே ஒட்டும் படத்தையும் இவ்வாறே கேட்போமாக. சரியாக வராத ஒன்பது தகடுகளை ஒதுக்கிவிட்டுப் பத்தாவதை மட்டும் ஏட்டில் வைக்கும்போது, அந்த ஒன்பதையும் ஒரு வரியில் குறித்துவிடுவது ஆய்வாளரின் கடமை. தீர விசாரிப்பது என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான்.