சிவப்பு விளக்கு எரிஞ்சா வண்டியை நிறுத்தணும்

போன இதழில், குழுவின் பெயரில் வண்டி வாங்கும்போது ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், எஃப்.சி. இவற்றை எப்படிச் சரிபார்ப்பது என்று படித்தோம். இந்த இதழில் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கிற மீட்டர் போர்டைப் பார்க்கப் போகிறோம். அதில் சின்னச் சின்னப் படங்களாக விளக்கு எரிகிறதே, அவற்றுக்கு என்ன அர்த்தம் என்பதுதான் பாடம்.

"நாங்க என்ன டிரைவரா மேடம், எங்களுக்கு எதுக்கு இது?" என்று சிலர் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கூட்டமைப்புக்கு ரூ.42,000 செலவு வைத்த பிறகுதான் நான் இதைக் கற்றுக்கொண்டேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் கூட்டமைப்பு வங்கிக் கடனில் ஒரு குட்டி யானை வாங்கி ஓட்டுவது உங்களுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்பு நவராத்திரி நேரம். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடைகள் போட்டு, கூட்டம் நெரிகிற சமயம். அங்கே ஒரு கடைக்கு நம் பனை ஓலைப் பெட்டி, வெட்டிவேர் மாலை, பாக்கு மட்டைத் தட்டு எல்லாம் ஏற்றிக்கொண்டு மதுராந்தகம் பக்கத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பினோம். டிரைவர் தம்பிக்குப் பக்கத்து சீட்டில் நான். குழு அக்காமார்கள் பஸ்ஸில் முன்னாலேயே போய்விட்டார்கள். ஒன்பது மணிக்குள் சரக்கு வரவில்லை என்றால் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்வோம் என்று கடைக்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் ஏறும்போது மீட்டர் போர்டில் சிவப்பாக ஒன்று எரிந்தது. நம் வீட்டுக் கெண்டி மாதிரி ஒரு படம், மூக்கிலிருந்து ஒரு சொட்டு விழுகிற மாதிரி.

"தம்பி, அது என்ன செவப்பா எரியுது?"

"அது சும்மா மேடம். ஆயில் கொஞ்சம் கம்மியா இருக்கும். மயிலாப்பூர்ல லோடு எறக்கிட்டு ஊத்திக்கலாம்."

சரி என்று விட்டுவிட்டேன். அதே சமயம் கடையிலிருந்து போன் வேறு. நந்தனம் சிக்னலில் நின்றபோது என்ஜினில் 'டக டக' என்று சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம். ஆழ்வார்பேட்டை தாண்டவில்லை, வண்டி ஒரு குலுக்கல் குலுக்கி நின்றது. திரும்ப ஸ்டார்ட் ஆகவே இல்லை. விளக்கு எரிந்த இடத்திலிருந்து நாலு கிலோமீட்டர்தான் வந்திருப்போம். சரக்கை இரண்டு ஆட்டோவில் மாற்றி அனுப்பிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்து ராயப்பேட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டோம்.

மெக்கானிக் பெரியவர் கீழே குனிந்து பார்த்தார். அடியில் ஆயில் வடிக்கிற போல்ட் சரியாக முடுக்கப்படவில்லை. முதல் நாள்தான் ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆயில் மாற்றியிருந்தோம். ராத்திரி முழுக்கச் சொட்டி, வழியெல்லாம் சிந்தி, என்ஜினில் எண்ணெயே இல்லை. அவர் என்ஜினைப் பிரித்து உள்ளேயிருந்து பிறை மாதிரி வளைந்த ஒரு தகட்டை எடுத்துக் காட்டினார். வழவழவென்று இருக்க வேண்டியது, கீறி உரிந்து கிடந்தது. "இதுக்கும் உள்ள சுத்துற தண்டுக்கும் நடுவுல எண்ணெய் இருக்கணும்மா. தலைமுடியைவிட மெல்லிசான எடம். லைட்டு எரிஞ்ச எடத்துலயே ஆஃப் பண்ணியிருந்தா, போல்ட்ட முடுக்கி ஆயில ஊத்தி ஆயிரத்துச் சொச்சத்துல அனுப்பியிருப்பேன்" என்றார். பிறகு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பேரிங் செட்டு வாங்கி, தண்டைக் கடைந்து, எல்லாம் மாட்டி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று.

அந்தச் செலவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதும் கூட்டத்தில் சத்தம் வந்தது. டிரைவர் சம்பளத்தில் பிடிக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். விளக்கைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தது நானும்தான் என்று எழுந்து சொன்னேன். அப்போது அலுவலக வாசல் பெருக்குகிற நம் அக்கா ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "காலையில வண்டி நின்ன எடத்துல கருப்பா எண்ணெய் கெடந்துச்சு மேடம். நேத்து சர்வீஸ் பண்ணாங்களே, அதுல சிந்தியிருக்கும்னு மண்ணப் போட்டுப் பெருக்கிட்டேன்." ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு, "வண்டி விஷயத்துல பொம்பளங்க நாம என்னத்த சொல்றது" என்றார். அந்தப் பதிலை என்னால் மறக்க முடியவில்லை. சம்பளத்தில் பிடிக்கவில்லை, பொது நிதியிலிருந்து கட்டினோம். வண்டியின் மூன்று மாத லாபம் அதோடு போயிற்று.

இப்போது பாடத்துக்கு வருவோம். டிரைவர் தம்பி சொன்னதில் ஒரு தப்பு இருக்கிறது. ரொம்பப் பேர் அதே தப்பைச் செய்கிறார்கள். அந்தக் கெண்டி விளக்கு பெரும்பாலான வண்டிகளில் எண்ணெய் அளவைக் காட்டுகிற விளக்கு இல்லை. எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டுகிற விளக்கு. என்ஜினுக்கு அடியில் ஒரு தொட்டியில் ஆயில் இருக்கும். ஒரு சின்ன பம்ப் அதை உறிஞ்சி, சுற்றுகிற பாகங்களுக்கெல்லாம் அழுத்தித் தள்ளும். அந்த அழுத்தம் விழுந்துவிட்டால்தான் விளக்கு எரியும். அதாவது, "எண்ணெய் குறைகிறது, சீக்கிரம் ஊற்று" என்று அது சொல்லவில்லை. "எண்ணெய் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை, இரும்போடு இரும்பு உரசப் போகிறது" என்று சொல்கிறது. தையல் மெஷினுக்கு எண்ணெய் போட மறந்தால் இறுக்கமாக ஓடும், சத்தம் போடும், பிறகு போட்டுக்கொள்ளலாம். என்ஜின் தண்டு நிமிஷத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் சுற்று சுற்றுவது. அதற்கு அந்த அவகாசம் கிடையாது.

ஆகவே கெண்டி விளக்கு சிவப்பாக எரிந்தால் ஓரம் கட்டி, உடனே என்ஜினை ஆஃப் செய்ய வேண்டும். "அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும்" என்பதே கூடாது. ஆயில் அளவைத் தெரிந்துகொள்ள டிப்ஸ்டிக் என்கிற குச்சி இருக்கிறது. சமமான தரையில் வண்டி நின்று என்ஜின் ஆறிய பிறகு குச்சியை உருவி, துணியால் துடைத்து, திரும்ப விட்டு எடுத்துப் பார்த்தால் இரண்டு கோட்டுக்கு நடுவில் எண்ணெய் நிற்க வேண்டும். வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். பாலில் தண்ணீர் அளவு பார்க்கிற நமக்கு இது பெரிய வித்தை இல்லை.

மற்ற விளக்குகளுக்குப் பொதுவான ஒரு விதி இருக்கிறது, எல்லா கம்பெனி வண்டிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சிவப்பு என்றால் ஆபத்து, நிறுத்திப் பார். மஞ்சள் என்றால் பழுது இருக்கிறது, மெதுவாகப் போய் மெக்கானிக்கிடம் காட்டு. பச்சையும் நீலமும் பழுது இல்லை. இண்டிகேட்டர், ஹைபீம் போட்டிருக்கிறது என்று தெரிவிப்பவை. படங்களும் உலகம் முழுக்க ஒரே மாதிரி வைத்திருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்றால் படம்தானே வசதி.

தண்ணீர் அலையில் ஒரு தெர்மாமீட்டர் நிற்கிற மாதிரி சிவப்புப் படம் வந்தால் என்ஜின் கொதிக்கிறது. வெயில் காலத்தில் தி.நகர் உஸ்மான் ரோட்டில் அரை மணி ஊர்ந்தால், ஃபேன் வேலை செய்யாத வண்டிக்கு இது கட்டாயம் வரும். நிறுத்தி ஆஃப் செய்யுங்கள். ஆனால் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அது குக்கர் மாதிரி. உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் நூறு டிகிரிக்கு மேலும் சூடேறி நிற்கும். விசில் அடங்காத குக்கரைத் திறந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். முகமும் கையும் வெந்துபோகும். அரை மணிக்குக் குறையாமல் ஆறவிட்டு, மூடி கைக்குச் சுடாத பிறகுதான் துணி போட்டு மெதுவாகத் திருக வேண்டும்.

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு பிரேக்குக்கு உரியது. முதலில் ஹேண்ட்பிரேக் முழுசாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பாதி நேரம் அதுதான் காரணம். இறக்கியும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். அந்த வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகக்கூடாது, அவ்வளவுதான்.

கூட்டல், கழித்தல் குறி போட்ட பெட்டி பேட்டரி விளக்கு. பெயர் பேட்டரி என்றாலும், பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்பதுதான் பொருள். பெல்ட் அறுந்திருந்தால் சில வண்டிகளில் தண்ணீர் பம்பும் சேர்ந்து நின்று, என்ஜின் சூடேறிவிடும். அதனால் நிறுத்தி பெல்ட்டைப் பார்க்க வேண்டும். பெல்ட் நன்றாக இருந்தால், ஏ.சி., பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு பக்கத்து மெக்கானிக் வரை போகலாம். வழியில் ஆஃப் செய்தால் திரும்ப ஸ்டார்ட் ஆவது சந்தேகம்.

மஞ்சள் விளக்குகளில் ரொம்பக் குழப்புவது என்ஜின் படம் போட்டது. கிணற்று மோட்டார் மாதிரி தெரியும். அது நிலையாக எரிந்தால் இரண்டொரு நாளில் காட்டினால் போதும். விட்டு விட்டு மின்னினால் என்ஜின் சரியாக எரியவில்லை என்று அர்த்தம்; வேகத்தைக் குறைத்து, அன்றைக்கே காட்டுங்கள். மெக்கானிக் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் சொருகி ஒரு நம்பர் எடுப்பார். அந்த நம்பர் எந்தப் பகுதியில் கோளாறு என்று சொல்லுமே தவிர, எந்தப் பாகத்தை மாற்றணும் என்று சொல்லாது. சில சமயம் ஒரு வயர் கழன்றிருக்கும், அவ்வளவே. ஆகவே நம்பரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். பழுது பார்க்காமலே விளக்கை மட்டும் அழித்துக் கொடுக்கவும் அந்தக் கருவியால் முடியும். ஒரு வாரத்தில் திரும்ப எரிந்தால் நமக்குப் புரிந்துவிடும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக் கரியைப் பிடித்து வைக்கிற ஒரு வடிகட்டி இருக்கிறது. ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடினால் கரி அடைத்து மஞ்சள் விளக்கு வரும். ஜி.எஸ்.டி. ரோடு மாதிரி நல்ல ரோட்டில் ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓட்டினால் கரி எரிந்து பெரும்பாலும் அணைந்துவிடும்.

எந்த விளக்கும் சொல்லாத ஆபத்து ஒன்று உண்டு, அது வெள்ளம். 2015 டிசம்பரில் அடையாற்றில் வெள்ளம் வந்து கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பக்கம் ஏராளமான வண்டிகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அதே கதை. தண்ணீர் வடிந்ததும் ஆசையாகச் சாவி போட்டவர்களுக்குத்தான் அதிக நஷ்டம். என்ஜினுக்குள் புகுந்த தண்ணீரை அமுக்க முடியாது, உள்ளிருக்கும் கம்பிதான் வளையும். அப்படி ஸ்டார்ட் செய்து வந்த சேதத்துக்குச் சாதாரண இன்சூரன்ஸில் பணம் கிடைப்பது கஷ்டம். அதற்கு என்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்துக் கட்டணும். மூழ்கிய வண்டியில் சாவியே போடாமல் இழுத்துக்கொண்டு போவதுதான் சரி. தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சுற்றிப் போங்கள்.

பழைய வண்டி வாங்கப் போகும் குழுக்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் 'ஆன்' பக்கம் திருப்பச் சொல்லுங்கள். கெண்டி, பேட்டரி, என்ஜின் படங்கள் எல்லாம் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் சில விநாடியில் அணைய வேண்டும். சாவி போட்டதும் ஒரு படம் எரியவே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். அந்த விளக்கைக் கழற்றியிருப்பார்கள், இல்லை வயரைப் பிடுங்கியிருப்பார்கள். விற்கிறவரிடம் அதை வைத்தே விலை பேசுங்கள், இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சென்னையில் 2025 மார்ச் 8, மகளிர் தினத்தன்று பெண்கள் ஓட்டும் இளஞ்சிவப்பு ஆட்டோக்களை அரசு தொடங்கி வைத்தது. நம் உறுப்பினர்களின் மகள்கள் சிலரும் லைசென்ஸ் எடுக்கிறார்கள். அவர்களிடம் இந்தப் பாடத்தைப் படித்துக் காட்டுங்கள்.

குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டிய பயிற்சி: அடுத்த கூட்டம் நடக்கிற இடத்துக்கு வண்டி வைத்திருக்கும் யாராவது ஒருவரை வரச் சொல்லுங்கள். சாவியைத் திருப்பச் சொல்லி, எரிகிற படங்களை எண்ணி, ஆளுக்கு இரண்டாக நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். எது சிவப்பு, எது மஞ்சள் என்று பக்கத்தில் குறித்துவையுங்கள். புரியாத படம் இருந்தால் ஊக்குநரிடம் கொடுத்தனுப்புங்கள். நம் குட்டி யானை நிற்கிற இடத்தில் இப்போது தினமும் காலையில் தரையைப் பார்த்து, எண்ணெய் சிந்தியிருந்தால் லாக் புத்தகத்தில் எழுதுவது அந்த வாசல் பெருக்கும் அக்காதான். அவர் கையெழுத்து இல்லாமல் தம்பி வண்டி எடுப்பதில்லை.