யாருக்கும் சொந்தமில்லாத நீலி
(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



எங்கள் ஊர் திருவாலங்காடு. அரக்கோணம் ரயிலில் வருகிற நண்பர்கள் ஸ்டேஷன் பெயரைப் பார்த்ததும், "உங்க ஊரு பேய்தானே நீலி?" என்று கேலி செய்வார்கள். அந்த நீலியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கதை. ஒருவன் தன்னை நம்பி வந்த மனைவியைக் காட்டில் கொன்றான். மறுபிறவியில் அவன் வணிகன், அவள் பேய். பக்கத்துப் பழையனூருக்கு அவன் வந்தபோது, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நீலி பின்னாலேயே வந்தாள். "என் புருஷன் என்னைக் கைவிட்டுட்டான்" என்று ஊர்ச் சபையில் அழுதாள். குழந்தையும் அவனை "அப்பா" என்றது. வேளாளர் எழுபது பேர், "உன் உயிருக்கு எங்கள் உயிர் ஈடு" என்று அவனுக்கு வாக்குக் கொடுத்து, அவனைக் காத்துவந்த மந்திரக் கத்தியை வாங்கி வைத்தார்கள். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடந்தான். எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள்.

இந்தக் கதையை எழுதியவர் யார்? யாரும் இல்லை. அதனால்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் எங்கள் ஊர்ப் பதிகத்தில், பெயர் சொல்லாமல், வஞ்சித்த ஒருத்தி என்று மட்டும் குறித்தார். 

பின்னால் வந்த ஒரு சமணப் புலவர் துணிச்சலானவர். இதே பழையனூர் நீலியை ஒரு முனிவரைப் பயமுறுத்த அனுப்பினார். முனிவர் பயப்படவில்லை. நீலி கொல்லாமையை ஏற்றுத் துறவியானாள். பௌத்தர், ஆசீவகர், வேதவாதியர் எல்லோரையும் வாதில் வென்றாள். ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான நீலகேசி இதுதான். ஆசிரியர் பெயர் தெரியாது. 1936ல் அ. சக்கரவர்த்தி நயினார் இதைப் பதிப்பித்தார்.

தெற்கே நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் நீலி பாடப்பட்டாள். கேரளத்தில் கள்ளியங்காட்டு நீலி ஆனாள். 2025ல் 'லோகா' என்ற மலையாளப் படத்தில் மக்களைக் காக்கும் வீராங்கனையாகவே வந்துவிட்டாள்!

இன்று ஒருவர் படைத்த பாத்திரத்தை இப்படி எடுக்க முடியாது. நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை நூலுக்குக் காப்புரிமை உண்டு. இதை மாற்றிப் பார்க்க, 2002ல் வெளிநாட்டில் சிலர் 'ஜென்னி எவ்ரிவேர்' என்ற பெண் பாத்திரத்தை உருவாக்கி, யார் வேண்டுமானாலும் கதை எழுதலாம் என்று அறிவித்தார்கள். நம் நீலிக்கு அறிவிப்பே தேவைப்படவில்லை.

ஆனால் இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சொல்பவன் கையில்தான் பாத்திரத்தின் நியாயம். பலரும் கதையின் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். 'நீலிக் கண்ணீர்' என்ற சொல் அப்படி நிலைத்தது.

போன ஆடி மாதம் என் அக்கா ஒரு பையோடு வீட்டுக்கு வந்தாள். கையில் சூடு போட்ட தழும்பு. அழுதாள். உறவுக்காரர் ஒருவர், "நீலிக் கண்ணீர் வடிக்காதடி, நாளைக்கே கிளம்பு" என்றார். மூலையில் உட்கார்ந்திருந்த ஆயா எழுந்தது. "நீலி அழுததைச் சொல்றியே, அவளை முதல்ல கொன்னவனை ஏன்டா சொல்லலே?" என்று கேட்டது. அவர் பதில் பேசவில்லை. அக்கா இப்போது எங்களோடுதான் இருக்கிறாள்; தையல் வேலை செய்கிறாள்.

ஆயா எழுதப் படிக்கத் தெரியாதது. ஆனால் அந்தச் சமணப் புலவர் செய்ததை ஒரே கேள்வியில் செய்தது.

நண்பர்களே, நீங்களும் நீலியை எடுத்துக்கொள்ளுங்கள். எழுபது பேரில் கடைசி ஆளாகத் தீ முன் நின்றவன் என்ன நினைத்தான்? விடிந்தபின் மறுபடி கொம்பாகிப் போன அந்தக் கள்ளிக் குழந்தை என்ன ஆனது? எழுதிப் பாருங்கள். யார் அனுமதியும் வேண்டாம். ஒன்று மட்டும்: கதையை முதலிலிருந்து சொல்லுங்கள்.