கோபுரம் ஏறப்போகும் கதிருக்கு

அலிப்பூர்,
கொல்கத்தா

அன்புள்ள கதிருக்கு,

ஆனைமலைப் பக்கம் தீக்காவல் கோபுரம் இருக்கும் முகடுவரை இரண்டு நாய்களோடு ஏறப்போகிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். வெயிலும் மழையும் மாறி மாறி வருகிறதாம். மலையேறும் ஆசை நல்ல ஆசைதான், போய் வா. ஆனால் நாய்களை வீட்டில் விட்டுப் போ. இடி கேட்டால், கோபுரம் கண்ணெதிரே இருந்தாலும் திரும்பிவிடு.

வானிலையை இலேசாக நினைக்கக்கூடாது என்று எனக்குக் கற்றுத்தந்தது இந்த ஊர். 1864இல் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. 1866, 1871ஆம் ஆண்டுகளில் பருவமழை பொய்த்தது. இந்த அடிகளுக்குப் பிறகுதான் 1875இல் இந்திய வானிலைத் துறை உருவானது. இன்றும் இங்குள்ள பத்திரிகைகளில் வானிலைச் செய்தி என்றால் ‘அலிப்பூர் ஆபஹவா தப்தர்’, அதாவது அலிப்பூர் வானிலை அலுவலகம், சொன்னதாகத்தான் வரும். சித்திரை, வைகாசியில் அந்த அலுவலகம் கண்காணிப்பது கால்பைசாகி என்ற இடிப்புயலை. பிற்பகல்வரை வெயில் கொளுத்தும். வடமேற்கில், சோட்டா நாக்பூர் பீடபூமிப் பக்கமிருந்து கறுப்பாக ஒரு திரை எழும். காற்று சட்டென்று திசை மாறிச் சில்லிடும். சில நிமிடங்களில் புழுதி, இடி, மழை எல்லாம் ஒன்றாக வந்து இறங்கும்.

நம் மலைகளின் கோடை மழைக்கும் பிற்பகல்தான் நேரம். சென்னை நுங்கம்பாக்கத்து வானிலை மையத்தின் அறிவிப்பு மாவட்டத்துக்குச் சொல்லும். நீ நிற்கும் முகட்டில் எந்த நிமிடம் மின்னும் என்று சொல்லாது. அதனால் விடியலில் ஏறத் தொடங்கி, உச்சிப்பொழுதுக்குள் முகட்டை விட்டு இறங்கிவிடு. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே விநாடிக்கு ஒன்றாக 30 எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால், மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. திறந்த முகட்டில் தனியாக நிற்கும் கோபுரம் அப்போது ஒதுங்கும் இடம் அல்ல. இரும்புப் படியையும் கைப்பிடியையும் தொடாதே, ஒற்றை மரத்தடியில் நிற்காதே. கடைசி இடி கேட்டு அரைமணி ஆகும்வரை மேலே போகாதே. பூனாவிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலியைப் போனில் ஏற்றிக்கொள். ஆனால் காட்டுக்குள் சிக்னல் இருக்கும் என்று நம்பி நடக்காதே.

மழை வராத நாளில் வேறொரு பயம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் கொழுக்குமலையிலிருந்து இறங்கிய குழுக்களைக் காய்ந்த புல்லில் பற்றிய தீ வளைத்துக்கொண்டது. 23 பேர் இறந்தார்கள். சரிவில் தீ மேல்நோக்கித்தான் விரைவாகப் போகும். எரியும்போதே மேலே உள்ள புல்லையும் காய வைத்துவிடும். சரிவு பத்துப் பாகை கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பவர்களின் கணக்கு. மேலே ஓடி அதை முந்த முடியாது. வெறும் பாறையோ ஏற்கெனவே எரிந்து அடங்கிய தரையோதான் புகலிடம். அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் வந்தன. 2024இல் வனத்துறை 40 தடங்களோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ தொடங்கியது. அனுமதியும் வழிகாட்டியும் உள்ள தடத்தில் மட்டும் நட.

இனி நாய்கள். அவை உன் பிள்ளைகள் மாதிரி என்று தெரியும், அதனால்தான் சொல்வது. சரணாலயத்துக்குள் வளர்ப்பு நாயைக் கூட்டிப்போக வனத்துறை விடாது. விட்டாலும் போகக்கூடாது. யானையைக் கண்டு குரைக்கும் நாய், யானை துரத்தினால் எஜமானிடம்தான் ஓடிவரும். யானையும் பின்னாலேயே வரும். சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை. மகாராஷ்டிரத்தின் அகோலேயில் ஆய்ந்தபோது, சிறுத்தைகள் தின்ற இரையில் நாய்தான் முதலிடத்தில் இருந்தது. நாயிடமிருந்து காட்டுக்கும் ஆபத்து உண்டு. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் 2018இல் கிர் காட்டுச் சிங்கங்களையும் கொன்றது.

வெயிலில் நாய்களுக்கு நம்மைப் போல் உடல் முழுக்க வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். சுட்ட பாறையில் பாதம் வெந்துவிடும்.

பொள்ளாச்சி அத்தையிடம் இப்போதே பேசிவிடு. அவள் தோப்பில் இரண்டும் ஓடி விளையாடட்டும். கிளம்புமுன் எந்தத் தடம், வழிகாட்டி யார், எத்தனை மணிக்கு அடிவாரம் திரும்புவாய் என்று உன் அப்பாவிடம் எழுதிக் கொடு. இறங்கியதும் முதல் போன் அவனுக்கு, அடுத்தது இங்கே.

அன்புடன்,
பெரியப்பா