க்ஷயரோகமும் சாப்பாட்டுச் செலவும்



க்ஷயரோகம் கிருமியால் தொற்றும் வியாதி. அக்கிருமியை 1882-ம் ஆண்டு ஜெர்மானிய வைத்தியர் ராபர்ட் காக் கண்டறிந்தார். நோயாளி இருமும்போது அது காற்றில் பரவிப் பிறர் நுரையீரலை அடைகிறது. ஆயினும் கிருமி புகுந்த யாவரும் நோயில் விழுவதில்லை. பெரும்பாலோர் உடம்பில் அது அடங்கியே கிடக்கும். போஷாக்குக் குறைந்து சரீரம் மெலிந்தால், அதை அடக்கி வைத்திருக்கும் சக்தியும் குறையும், கிருமி தலைதூக்கும்.

இதற்கு அத்தாட்சி உண்டு. இந்தியாவில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை ஓர் ஆராய்ச்சி நடந்தது. 2,800 நோயாளிகளின் வீட்டார் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை இரு பிரிவாக்கினர். நோயாளிகள் அனைவருக்கும் மருந்தோடு உணவுப் பொருளும் தரப்பட்டது. ஒரு பிரிவில் மட்டும் வீட்டாருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள்: பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, அத்துடன் சத்து மாத்திரை. 2023-ல் முடிவு வெளியாயிற்று. உணவு பெற்ற வீட்டாரிடம் க்ஷயம் 39 சதவீதம் குறைந்திருந்தது. பரிசோதனையில் கிருமி உறுதியான நுரையீரல் க்ஷயமோ 48 சதவீதம் குறைவு.

அரிசியும் பருப்பும் நாம் அன்றாடம் நிறுத்துக் கொடுக்கும் சரக்குத்தானே!

அப்படியானால் மருந்து வேண்டாமா? அவசியம் வேண்டும். சென்னையில் 1956-ல் தொடங்கிய ஆராய்ச்சியில், வீட்டிலிருந்து எளிய உணவோடு மருந்துண்டவர்களும், சானடோரியத்தில் நல்லுணவும் ஓய்வும் பெற்றவர்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமடைந்தனர். ஆகவே வந்த நோயைத் தீர்ப்பது மருந்து. நோய் வராமல் காக்க உதவுவது உணவு. ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

சிப்பந்திகள் பலர் ஓர் அறையில் உறங்கி ஒரே சட்டிச் சோற்றை உண்ணும் கடைகள் நம்மிடையே உண்டு. வியாபாரம் மந்தமானால் சில முதலாளிகள் முதலில் கைவைப்பது சமையல் கணக்கில்தான். பருப்பு நீர்த்துப் போகும். மீன் துண்டு சிறுத்துப் போகும். பேரேட்டில் அது மிச்சமாகத் தெரியலாம். ஒருவர் படுக்கையில் விழுந்தால் அந்த மிச்சம் எங்கே?

ஆகவே சமையலில் பருப்பு, முட்டை, மீன், கீரை குறையாமல் பார்ப்போம். மிதமிஞ்சி உண்பதும் நன்றன்று; நீரிழிவு உள்ளவரையும் க்ஷயம் எளிதில் பற்றும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு கண்டவரை உடனே சளிப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் அனுப்புவோம். நோய் என்று தெரிந்தால் வேலையை விட்டு நீக்காமல், மருந்துக்காலம் முழுதும் முடிக்கத் துணை நிற்போம். ஊரிலுள்ள அவர் குடும்பத்தார் பசியின்றி இருக்கிறார்களா என்றும் விசாரிப்போம்.