இணையப் பக்கம் எழுதப் பழகுதல்
தொடக்க மாணவர்க்கு ஒரு பாடம்

அச்சுத்தொழிலை அறிந்தோர் 'குறியிடுதல்' என்னும் வேலையை நன்கறிவர். கையெழுத்துப் பிரதி அச்சுக்கூடத்துக்குச் செல்லுமுன், ஆசிரியர் பென்சில் கொண்டு அதன் ஓரத்திலே சில குறிப்புகளை இடுவார். இது தலைப்பு, இங்கே புதிய பந்தி, இச்சொல் தடித்த எழுத்தில் என அவை அமையும். எழுத்துக் கோப்பவர் அவற்றைக் கண்டு ஈயவெழுத்துக்களை அடுக்குவார். குறிப்புகளோ அச்சிலே வாரா. கொட்டாஞ்சேனைக்கு அணித்தான கிராண்ட்பாசில் வீரகேசரி அச்சகத்திலும், நகரின் சிறிய அச்சகங்கள் பலவற்றிலும் ஈயவெழுத்துக் காலத்திலே நாள்தோறும் நடந்த வேலை இதுவே. நாம் ஈண்டுக் கற்கப் புகும் எச்.ரி.எம்.எல். என்னும் குறிமொழி அப்பென்சிற் குறிப்புகளின் நேரான வழித்தோன்றலாகும்.

இதன் வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். ஜெனீவா நகருக்கு அருகே உள்ள சேர்ன் என்னும் அணுவாராய்ச்சி நிலையத்திலே பணியாற்றிய ரிம் பேர்ணர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர், ஆய்வாளர்தம் ஏடுகளை ஒன்றோடொன்று இணைத்துப் படிக்கும் திட்டமொன்றை 1989இல் முன்வைத்தார். 1991இல் முதல் இணையத்தளம் வெளிவந்தது. அவ்வாண்டிற் குறித்த குறிச்சொற்கள் 18 எனக் கணக்கிடுவர். (மெய்யெழுத்துக்களின் தொகையும் அதுவே என்பதைத் தமிழ் மாணவர் நினைவிற் கொள்வது எளிது.) 1993 ஏப்பிரல் 30ஆந் தேதி சேர்ன் நிலையம் தன் உலகளாவிய வலை மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. இன்று வெள்ளவத்தையில் ஒரு மாணவன் எவரிடமும் அனுமதி பெறாது இணையப் பக்கம் எழுதத் தொடங்கலாம் என்பதற்கு அவ்வறிவிப்பே மூலம்.

நிற்க. வேண்டிய கருவிகள் யாவை? விண்டோஸ் கணினியோடு வரும் நோட்பேட் போன்ற எளிய எழுதுகருவி ஒன்று. குரோம், பயர்பொக்ஸ் போன்ற உலாவி ஒன்று. இவ்விரண்டும் போதும். விலைகொடுத்து வாங்கவேண்டியது யாதுமில்லை. தொடக்கத்தில் இணையத் தொடர்பும் வேண்டியதில்லை. தன் கணினியிலே சேமித்த கோப்பைத் தன் உலாவியிலேயே திறந்து பார்க்கலாம். வேர்ட் போன்ற பெரிய மென்பொருளில் எழுதி வெட்டி ஒட்டுவாரும் உளர். அது தொடக்கத்தார்க்கு ஆகாது. அம்மென்பொருள் தான் விரும்பிய குறிகளையெல்லாம் கேளாமலே நுழைத்துவிடும்.

குறிச்சொல் என்பது < > என்னும் இரு கூரடைப்புக்களுள் எழுதப்படும் ஒரு சிறு சொல். இக்கட்டுரையிலே அவற்றின் ஒலியை மட்டும் தமிழெழுத்தில் தருகின்றோம். எழுதுங்கால் ஆங்கிலச் சிறிய எழுத்துக்களில் எழுதுக. பந்தி தொடங்குமிடத்தில் <பி> என்றும், முடியுமிடத்தில் சாய்கோடு சேர்த்து </பி> என்றும் இட்டால், இடைப்பட்டது ஒரு பந்தி என உலாவி உணரும். தலைப்புக்கு <எச்1> முதல் <எச்6> வரை ஆறு படிகள் உள. பக்கம் முழுவதையும் <எச்ரிஎம்எல்> என்னும் சொல் சூழ்ந்து நிற்கும். அதனுள் <ஹெட்>, <பொடி> என இரு பகுதிகள். முன்னது உலாவிக்குரிய செய்திகளைக் கொண்டது, பின்னது வாசகன் கண்ணுக்குரியது.

இக்குறிச்சொற்களைத் திறந்த முறைக்கு எதிர்முறையிலே மூடுதல் வேண்டும். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்துட் செல்வோன் வெளிவாயிலைக் கடந்தே உள்வாயிலை அடைகின்றான். மீளும்போது உள்வாயிலை முதலிற் கடந்து வெளிவாயிலைப் பின்னர்க் கடக்கின்றான். அவ்வாறே பந்தியினுள் ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாக்கத் திறந்த குறி, பந்தி மூடுமுன் மூடப்படல் வேண்டும். உலாவிகள் பொறுமை மிக்கவை. முறை தவறினும் எதையேனும் காட்டிவிடும். அப்பொறுமையே மாணவர்க்குத் தீங்கு. ஓர் உலாவியிற் சரியாகத் தோன்றியது எல்லாவிடத்தும் சரியென அவர் நம்பிவிடுகின்றனர்.

இனி, தமிழ் மாணவர் சிறப்பாகக் கருத்திருத்த வேண்டிய பகுதிக்கு வருவோம். ஆங்கிலப் பாடநூல்கள் இதனை ஓரிரு வரியிற் கடந்துவிடுகின்றன. நமக்கோ இதுவே உயிர்நிலை.

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். 'அ' என்பது இன்ன எண், 'க' என்பது இன்ன எண் என உலகம் ஒத்துக்கொண்டாலன்றி ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்தல் இயலாது. யூனிகோட் என்னும் ஒருங்குகுறி ஏற்பாட்டிலே தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள. அவற்றுள் அகரம் 2949, ககரம் 2965. இவ்வேற்பாடு 1991 முதல் உண்டெனினும், அது நம்மவர் கணினிகளிற் பரவ ஆண்டுகள் பல சென்றன. அதுகாறும் இலங்கையிலே பாமினி முதலிய எழுத்துருக்கள் பெரிதும் வழங்கின. இவை ஆங்கில எழுத்தின் எண்ணிலே தமிழெழுத்தின் வடிவத்தை ஏற்றிவைத்தவை. 'அம்மா' எனப் பாமினியில் அடித்தால் கணினியிற் பதிவது அகரமன்று, ஆங்கிலத்தின் 'எம்', மகரமன்று, 'கே'. அவ்வெழுத்துரு உள்ள கணினியில் அம்மா தோன்றுவாள். அஃதில்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துச் சிதறலே தோன்றும். தேடுபொறியில் 'அம்மா' எனத் தேடுவோர்க்கும் அப்பக்கம் அகப்படாது. அக்காலத்து இணையப் பக்கங்கள் எத்துணையோ இவ்வாறு இருந்தும் இல்லாதனவாயின. பழைய பாமினிக் கோப்பு வைத்திருப்போர் மாற்றுக்கருவி கொண்டு அதனை ஒருங்குகுறிக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றியபின் மூலத்தோடு ஒப்புநோக்குதல் இன்றியமையாதது.

ஆகவே விதி இரண்டு. கோப்பைச் சேமிக்கும்போது யூ.ரி.எஃப்.-8 என்னும் குறிமுறையைத் தெரிந்து சேமிக்க. பின், <ஹெட்> பகுதியின் தொடக்கத்திலேயே, தலைப்பை எழுதுமுன், <மெற்றா> என்னும் குறிச்சொல்லால் அம்முறையை அறிவிக்க. கோப்பின் முதல் 1024 பைற்றுக்களுள் இவ்வறிவிப்பு வருதல் வேண்டும் என்பது நியமம். அறிவிக்காது விட்டால் உலாவி ஊகித்துப் பார்க்கும். இம்முறையிலே தமிழ்க்குறி ஒவ்வொன்றும் 3 பைற்று இடங்கொள்ளுதலால், ஊகம் பிழைத்தவிடத்து ஒவ்வொரு குறியும் மூன்று அந்நியக் குறிகளாகச் சிதறித் தோன்றும். அத்தோற்றத்தைக் காணும் மாணவன் கோப்பு அழிந்ததென அஞ்சவேண்டா. அறிவிப்பைச் சேர்த்தால் எழுத்து மீளும். இன்னும், <எச்ரிஎம்எல்> என்னும் முதற்குறியிலே மொழி தமிழ் என்பதை ரி, ஏ என்னும் ஈரெழுத்தாற் குறித்தல் நன்று. பார்வையற்றோர்க்குப் பக்கத்தைப் படித்துக் காட்டும் கருவி, எம்மொழிக் குரலைக் கொள்ளுவதென்பதை இதனால் அறியும்.

இதனோடு ஒத்த மற்றொன்றையும் கூறுவோம். 1950களின் மலர்களைப் புரட்டுவோர் அவற்றில் ணை, லை, னை என்பன துதிக்கை போன்ற வளைவோடு அச்சாகியிருத்தலைக் காண்பர். தமிழ்நாட்டரசு 1978இல் ஆணையிட்ட எழுத்துச் சீர்திருத்தத்தின் பின் அவை படிப்படியே வழக்கொழிந்தன. அப்பழைய கட்டுரையை இன்று கணினியில் ஏற்றுவோன் வடிவத்தைப்பற்றிக் கவலல் வேண்டா. எழுத்தின் எண் ஒன்றே. பழைய வடிவிற் காட்டுதல் எழுத்துருவின் வேலை. பொருள் வேறு, தோற்றம் வேறு என்னும் எச்.ரி.எம்.எல்.லின் அடிப்படைக் கொள்கைக்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை. பெரிய எழுத்தாக இருத்தலால் ஒன்று தலைப்பாகாது. தலைப்பாக இருத்தலாலேயே அது பெரிய எழுத்திற் காட்டப்படுகிறது.

வாழ்த்துப்பா இல்லாத மலர் ஏது? அதனை ஏற்றுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. எழுதுகருவியிலே வரிக்கு வரி மடக்கி எழுதினும், உலாவி அம்மடக்குகளை வெறும் இடைவெளியாகவே கொள்ளும். நான்கடி வெண்பா ஒரே நீண்ட வரியாக ஓடிவிடும். ஈற்றடியின் முச்சீர் எங்கே தொடங்கியதென அறியவும் இயலாது. அடி முடியுமிடந்தோறும் <பிஆர்> என்னும் குறியை இடுக. இதற்கு மூடும் குறி இல்லை. உரைநடையில் இதனைப் பயன்படுத்திப் பந்தி பிரிப்போர் பலர். அது தவறான பழக்கம்.

படமும் இணைப்பும் எஞ்சியுள. <ஐஎம்ஜி> என்னும் குறி படம் இருக்குமிடத்தைச் சுட்டும். 'ஓல்ட்' என்னும் பண்பு அப்படத்தைக் காண இயலாதார்க்குச் சொல்லால் விளக்கும். '1962 துடுப்பாட்ட அணி' என்பது விளக்கம். 'படம் 3' என்பது விளக்கமன்று. இணைப்புக்கு <ஏ>. கோப்புப் பெயர்களைச் சிறிய எழுத்தில், இடைவெளியின்றி வைத்தல் நலம். விண்டோஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகக் கொள்ளும். இணையச் சேவையகங்கள் பெரும்பாலன அவ்வாறு கொள்ளா. வீட்டிலே தோன்றிய படம் இணையத்திற் காணாமற்போதலின் காரணம் பெரும்பாலும் இதுவே.

அலங்காரத்துக்குச் சி.எஸ்.எஸ்., அசைவுக்கு ஜாவாஸ்கிரிப்ட். முன்னது 1996இல் நியமமாயிற்று. பின்னது 1995இல் வெளிவந்தது. ஆடிவேல் விழாவிலே தேரின் சட்டம் முதலில் அமைந்த பின்னரே அலங்காரம் செய்வர். ஓட்டம் அதன் பின்னர். இம்முறையை மாற்றிக் கற்கும் இளைஞர் இப்பொழுது மிகுதி. ஒரு திங்களேனும் அலங்காரமற்ற பக்கங்களை எழுதிப் பழகுக என்பது எமது துணிபு.

இக்கல்வியைப் பழைய மாணவர் மலரிலே எழுதுவானேன் என வினவுவோர்க்கு விடை கூறுவோம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. 1983 யூலையிலே கொழும்பில் எரிந்த வீடுகளோடு எரிந்த நூல்களுக்குக் கணக்கே இல்லை. எஞ்சியவற்றைக் கறையானும் இடப்பெயர்வும் தின்றன. இந்நிலையிலே, 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை எழுத்து வடிவிலே இணையத்தில் ஏற்றியது. 2005 முதல் நூலகம் என்னும் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் மின்வடிவாக்கிக் காத்து வருகிறது. பக்கத்தைப் படமெடுத்து வைத்தல் முதற்படி. படத்திலுள்ள எழுத்தை இயந்திரமே கண்டறியும் முறையும் இக்காலத்து உண்டு. எனினும் பழைய ஈய அச்சிலே அது ளகரத்தையும் னகரத்தையும் மயங்கும். திருத்துவது மனிதர் கையதே. தேடினால் அகப்படுவது எழுத்தாக ஏறியதே.

ஆதலின் பயிற்சியாக இதனைத் தருகின்றோம். உம் வீட்டு அலுமாரியிலுள்ள பழைய மலரொன்றில் இரண்டு பக்கத்துக்கு மேற்படாத கட்டுரையொன்றைத் தெரிக. எழுதியவர் இருப்பின் அவரிடமும், இல்லையேல் உரியவரிடமும் அனுமதி பெறுக. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். ஒருங்குகுறியில் அடிக்க. ரெங்கநாதன் விசைப்பலகை பழகியோர்க்கு விரைவு மிகும். ஒலிமுறையில் அடித்தாலும் பதியும் எண் ஒன்றே. பழைய எழுத்துக்கூட்டலைத் 'திருத்த' முற்படாது உள்ளவாறே எழுதுக. தலைப்பு, ஆசிரியர் பெயர், மலரின் ஆண்டு, பக்க எண் ஆகியவற்றைத் தலைப்புக் குறிகளால் வகுக்க. பின் வேறொரு கணினியிலும் கைத்தொலைபேசியிலும் திறந்து பார்த்து, மூலத்தை ஒருவர் வாசிக்க மற்றொருவர் சரிபார்க்க. அச்சுக்கூடத்தார் படிதிருத்திய முறையும் அதுவே. ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்புக. மற்றொன்று உம்மிடம் இருக்கட்டும். தளம் அமைக்க விரும்புவோர் '.இலங்கை' என்னும் தமிழ் ஈற்றோடும் முகவரி பெறலாம். அவ்வீறு 2010 முதல் வழக்கிலுள்ளது.