முதல் நாளே ஏன் சொல்லலை?



போன பள்ளி விடுமுறை முகாமில் கணக்கு எழுதும் பொறுப்பு என்னுடையது. 250 வெள்ளியை 520 என்று எழுதிட்டேன். தெரிந்த பிறகும் வாய் திறக்கலை. ஏச்சு விழுமே என்ற பயம். அதற்குள் அந்தக் கணக்கை நம்பிச் சாப்பாட்டுக்குச் சொல்லியாச்சு. மூணு நாள் கழித்து ஒப்புக்கொண்டபோது பொறுப்பாளர் அண்ணன் கேட்டது ஒன்றுதான்: "முதல் நாளே ஏன் சொல்லலை?"

இதே கேள்விக்கு விடை தேடியவர் எமி எட்மண்ட்சன். முதலில் பொறியாளராக வேலை பார்த்தவர், இன்று அமெரிக்காவின் ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் பேராசிரியர்.

1990களில், மாணவியாக இருந்தபோது, மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்றே எதிர்பார்த்தார். கணக்கோ தலைகீழாக வந்தது! நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன.

அப்படியென்றால் அவர்கள் மோசமானவர்களா? இல்லை. அவர்கள் பயமில்லாமல் சொன்னார்கள். மற்ற இடங்களில் மறைத்தார்கள். மறைத்த தவறு திருந்தாது. அடுத்த நோயாளிக்கும் அதே ஆபத்து காத்திருக்கும்.

'சொன்னால் அவமானப்படுத்த மாட்டார்கள்' என்ற இந்த நம்பிக்கைக்கு 'உளவியல் பாதுகாப்பு' என்று பெயர். 1999இல் 51 பணிக்குழுக்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை இந்தக் கருத்தைப் பரவலாக்கியது.

அதற்காக அலட்சியமாக இருக்கலாம் என்று அர்த்தமில்லை. 2023இல் வந்த நூலில் அவர் தோல்விகளை மூன்றாகப் பிரிக்கிறார். கவனக்குறைவால் வருவதைத் தடுக்க வேண்டும். சரிபார்ப்புப் பட்டியல் அதற்கு உதவும். பல காரணங்கள் சேர்ந்து வருவதை முன்கூட்டியே மோப்பம் பிடிக்க வேண்டும். புதியதை யோசித்து, சிறிய அளவில் முயன்று தோற்பது மட்டும் நல்ல தோல்வி. என்னுடையது முதல் வகை. இன்னொருவர் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் பிடிபட்டிருக்கும்.

இப்போது எங்கள் குழுவில் இரண்டு பழக்கங்கள்: கணக்கை இருவர் பார்ப்போம். தவறைச் சொல்பவரிடம் முதலில் "சொன்னதுக்கு நன்றி" என்போம்; காரணத்தை அப்புறம் பேசுவோம்.

கலந்து பேசுங்கள்:
1. உங்கள் குழுவில் தவறைச் சொல்ல யார் பயப்படுகிறார்கள்?
2. அந்தப் பயத்துக்கு நீங்களும் ஒரு காரணமா?