டயரும் ஒரு கியர்தான்

கேள்வி: என்னிடம் 1998 மாடல் ஜிப்ஸி கிங் இருக்கிறது, கார்புரேட்டர் வண்டி. தினமும் எஸ்டேட் பாதையில் ஓடும், வாரம் ஒருமுறை ஊட்டிக்கு ஏறி இறங்கும். மழைக்காலத்தில் பாதையின் நடுமேட்டில் டிஃபரன்ஷியல் தட்டி வண்டி நின்றுவிடுகிறது. இப்போது இருப்பது 205/70 ஆர்15 டயர். அதை எடுத்துவிட்டு 235/75 ஆர்15 போட்டு, வெளியே தள்ளி நிற்கும் அகல ரிம்மும் மாட்டினால் எங்கே வேண்டுமானாலும் ஏறும் என்கிறார்கள் நண்பர்கள். டயர் கடைக்காரரோ 31 அங்குலமே போடலாம் என்கிறார். எதைப் போடுவது?
— வாசகர், கூடலூர்

பதில்: நண்பர்கள் சொல்வதில் மறுக்க முடியாத ஒரு பாதி இருக்கிறது, அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். ஜிப்ஸிக்கு முன்னும் பின்னும் ஒரே துண்டான ஆக்சில். லீஃப் பட்டையை உயர்த்திக் கட்டினால் பாடி மேலே போகும், ஆனால் டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தரையிலிருந்து தூக்க வல்லது டயர் மட்டுமே. எவ்வளவு தூக்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. 205/70 ஆர்15 என்றால் 205 மி.மீ. அகலம், அதில் 70 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், நடுவில் 15 அங்குல ரிம். மொத்த விட்டம் 668 மி.மீ. 235/75 ஆர்15 டயருக்கு விட்டம் சுமார் 733 மி.மீ., 31 அங்குல டயருக்கு 787. கூடுகிற விட்டத்தில் பாதிதான் ஆக்சிலுக்குக் கீழே கிடைக்கும். ஆக 235 போட்டால் 33 மி.மீ., 31 அங்குலம் போட்டால் 60 மி.மீ. இது லாபக் கணக்கு. கடையில் யாரும் எழுதிக் காட்டாத செலவுக் கணக்கு ஒன்று இருக்கிறது, உங்கள் வண்டிக்கு அதுதான் முக்கியம்.

கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், டிஃபரன்ஷியல் என்ற வரிசையில் கடைசிக் கியர் டயர்தான். இன்ஜினின் திருகு விசை தரையைத் தொடுவது டயரின் ஆரம் வழியாக. சைக்கிளின் பின் பல்சக்கரத்தைச் சிறிதாக்கினால் மேட்டில் மிதி எப்படிக் கனக்குமோ, விட்டம் கூடிய டயரும் அதையே செய்யும். 235 டயரின் விட்டம் பத்து சதவீதத்துக்குச் சற்றே குறைவாகக் கூடுகிறது. தரையில் கிடைக்கும் தள்ளுவிசை ஏறக்குறைய 9 சதவீதம் குறைகிறது. 31 அங்குலத்தில் 15 சதவீதம். உங்கள் 1.3 லிட்டர் இன்ஜின் புதிதாக இருந்தபோதே 60 குதிரைத்திறன்தான், அதுவும் சுழற்சி ஏறினால்தான் வரும். வளைவில் வேகம் குறைந்து இரண்டாம் கியரில் மூச்சு வாங்குகிற வண்டி இனி முதல் கியருக்கு இறங்க வேண்டியிருக்கும். ஏற்றமாவது பரவாயில்லை, பொறுமையாக ஏறலாம். மசினகுடிக்கும் ஊட்டிக்கும் இடையே 36 கொண்டை ஊசி வளைவுகளோடு கிடக்கும் கல்லட்டிச் சாலை போன்ற இறக்கத்தில், சின்னக் கியரில் போட்டு இன்ஜினை வைத்தே வண்டியைப் பிடிப்பதுதான் மலை ஓட்டுநர்களின் வழக்கம். அந்தப் பிடியும் அதே 9 சதவீதம் தளரும். மிச்சத்தை பிரேக் சுமக்க வேண்டும். லோ கியர் இருக்கிறதே, அது ஈடுகட்டாதா என்று கேட்கலாம். சேற்றிலும் பாறையிலும் ஈடுகட்டும், சந்தேகமில்லை. ஆனால் ஜிப்ஸியில் ஃபோர் வீல் போடாமல் லோ விழாது. முன் பின் ஆக்சில்களுக்கு நடுவே டிஃபரன்ஷியலும் இல்லை. பிடிப்புள்ள தார்ச் சாலை வளைவுகளில் அப்படி ஓட்டினால் ஷாஃப்ட்கள் முறுக்கிக்கொள்ளும். உதவி தேவைப்படும் தார் இறக்கத்தில் லோ கியர் உதவிக்கு வராது.

பிரேக்கிலும் இதே நெம்புகோல்தான் வேலை செய்கிறது. டிஸ்க்கும் டிரம்மும் அதே அளவில் இருக்க, தரை சக்கரத்தைத் திருப்பும் கை மட்டும் நீளமாகிறது. அதே தூரத்தில் நிற்கப் பெடலை இன்னும் அழுத்த வேண்டும். டயர் ஒவ்வொன்றும் சில கிலோ கூடுதலாகக் கனக்கும், அந்தக் கனம் ஓரத்தில் சுழல்வதால் நிறுத்துவது இன்னும் கடினம். இருபத்தைந்து ஆண்டு கடந்த மாஸ்டர் சிலிண்டரும் ஹோஸ்களும் இருக்கிற வண்டியில் இது வெறும் ஏட்டுக் கணக்கில்லை. ரிம் விஷயத்தில் நண்பர்கள் சொல்வது இதைவிடப் பெரிய தவறு. சக்கரம் திரும்பும் அச்சு கிங்பின் வழியாகப் போகிறது. ரிம்மை வெளியே தள்ளினால் அந்த அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் தூரம் கூடும். ஒவ்வொரு குழியும் அந்த நீளத்தைப் பிடித்து ஸ்டியரிங்கை வெட்டி இழுக்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி, உதறல் நேராக உங்கள் மணிக்கட்டுக்கு வரும். ஹப் பேரிங்கும் கிங்பின் பேரிங்கும் சீக்கிரம் தேயும். ஜிப்ஸி ஓட்டுகிறவர்கள் பலரும் புலம்பும் அந்த ஸ்டியரிங் ஆட்டம், ஏற்கெனவே தளர்ந்த கிங்பின்னில் கனத்த டயரை மாட்டிய பிறகு சட்டென்று தலைகாட்டுவதில் வியப்பில்லை. மாருதியே 1993இல் ஜிப்ஸியின் இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தைக் கூட்டியது, ஆனால் ஆக்சிலையே அகலமாக்கித்தான் கூட்டியது. ஸ்பேசரும் ஆஃப்செட் ரிம்மும் அதற்குச் சமம் ஆகாது.

அகலமான டயருக்குத்தான் பிடிப்பு அதிகம் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். டயர் தரையில் பதியும் பரப்பை முதன்மையாகத் தீர்மானிப்பது அதன் மேலுள்ள எடையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும்தான். சக்கரத்துக்கு 250 கிலோ என்று வைத்தால், 26 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் பதிவது ஏறக்குறைய 137 சதுர செ.மீ. அகல டயரிலும் அதே அழுத்தம் வைத்தால் பரப்பு பெரிதாக மாறாது, வடிவம்தான் மாறும்: நீளம் குறைந்து அகலம் கூடும். இருக்கிற டயரிலேயே காற்றை 18க்கு இறக்கினால் பரப்பு 198 சதுர செ.மீ. வரை போகலாம். டயர்ச் சுவரின் விறைப்பு இதில் கொஞ்சம் தின்னும், ஆனாலும் பைசா செலவில்லாத ஆதாயம் இது. மணலில் மிதக்க அகலம் உதவும் என்பது உண்மை. கூடலூரில் மணல் ஏது? மேலே குழைசேறும் அடியில் கெட்டி மண்ணுமாக இருக்கும் தேயிலைத் தோட்டப் பாதையில், சேற்றை வெட்டிக்கொண்டு அடிமண்ணைத் தொடும் ஒடுங்கிய டயருக்கே மதிப்பு. காற்றை இறக்கினால் ஆக்சிலும் சற்றுத் தாழும் என்பதையும், தார் ஏறுமுன் திரும்ப நிரப்பியே ஆக வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். கையடக்கக் கம்ப்ரஸர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கோவாவில் 2014 முதல் நடந்துவரும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியில் ராட்சத டயரோடு ஜிப்ஸிகள் ஏறுகின்றனவே என்பது அடுத்த எதிர்வாதமாக வரும். ஏறுகின்றன. ஆனால் அப்படிப்பட்ட போட்டி வண்டியில் டயர் தனியாக மாறுவதில்லை. ஆக்சில் பல் விகிதம், ஷாஃப்ட், பிரேக், பல நேரம் இன்ஜினுமே கூட மாறும். உடைந்தால் மாற்ற ஆளும் பாகமும் பக்கத்தில் இருக்கும். திங்கட்கிழமை காலை அதில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போக வேண்டியதில்லை. அத்தனையும் மாற்றத் தயாராக இருந்தால் 31 அங்குலம் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. டயரை மட்டும் மாற்றுவதில்தான் ஆட்சேபம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தமாக உறுதிசெய்தது. டயர் அளவு அதில் அடங்குமா என்று வக்கீல்கள் வாதாடலாம். பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரம் வாதத்துக்கே இடம் தராது. பதிவைப் புதுப்பிக்கும் நாளில் மட்டும் பழைய டயரை மாட்டிக்கொண்டு போகும் சாமர்த்தியம், விபத்து நடந்த பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் செல்லாது. ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லத் தொடங்கும்: 235 டயரில் முள் 60 காட்டும்போது வண்டி ஓடுவது 66. ஓடிய கிலோமீட்டரும் குறைவாகப் பதிவதால், பெட்ரோல் உண்மையில் குடிப்பதைவிட அதிகமாகக் குடிப்பதாகத் தோன்றும். (பழைய ஜிப்ஸி வாங்கப் போகிறவர்கள் மீட்டருக்கு முன் டயரைப் பார்ப்பது நல்லது.)

உங்களுக்கு நான் சொல்லும் அளவு 215/75 ஆர்15. விட்டம் 703 மி.மீ. சொச்சம், கூடுவது 5 சதவீதத்தைச் சற்றே தாண்டும். ஆக்சில் 18 மி.மீ. உயரும். பதினெட்டுதானா என்று சலிப்பாக இருக்கும். ஆனால் இன்ஜினும் பிரேக்கும் தாங்கும் எல்லை அதுதான், முள் 60 காட்டும்போது வண்டி ஓடுவது ஏறக்குறைய 63தான். பொலேரோவில் வருகிற அளவு என்பதால் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். அந்தக் கனத்த வண்டிக்காகச் செய்த டயர் உங்கள் ஒரு டன் வண்டிக்குத் தாராளமாகப் போதும். கம்பெனி ரிம்மையே வைத்துக்கொள்ளலாம். 235க்கோ குறைந்தது 6 அங்குல அகல ரிம் வேண்டும், அங்கிருந்துதான் அந்த ஆஃப்செட் தொல்லையே தொடங்குகிறது. மிச்சப்படும் பணத்தில் முதலில் கிங்பின் பேரிங், பிறகு பிரேக் ஹோஸ், பட்டை புஷ். நடுமேட்டில் தட்டுவது இதற்குப் பிறகும் நிற்காவிட்டால், ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டின் மேல் ஏற்றி ஓட்டுங்கள், அல்லது எஸ்டேட் ஆட்களைக் கொண்டு மேட்டை வெட்டிவிடுங்கள். இரண்டுமே 31 அங்குல டயரைவிட மலிவு.

வாங்கும்போது நான்காக வாங்காமல் ஐந்தாக வாங்குங்கள். பஞ்சரானதும் பழைய 205 ஸ்டெப்னியை ஒரு பக்கம் மாட்டிக்கொண்டு ஃபோர் வீல் போட்டால், முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழலப் பார்த்து டிரான்ஸ்ஃபர் கேஸில் முறுக்கு ஏறும். அப்படி மாட்ட நேர்ந்தால் வீடு வந்து சேரும்வரை டூ வீலிலேயே ஓட்டி வாருங்கள்.